ஒண்ணுமில்லை நாட்டுப் பரிசல்காரன்

முன்னொரு காலத்தில், உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா தொட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாரே, அதற்கும் முன்னால், வெண்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. மூன்று பக்கம் மலை, நடுவில் ஓர் ஆறு. நல்ல நாடுதான், குறை சொல்லக் கூடாது. சோற்றுக்குப் பஞ்சமில்லை, மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த நாட்டு ஆண்களுக்கு மட்டும் அழ வராது.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே வராது. காலில் கட்டை விழுந்தாலும் வராது, கட்டின வீடு இடிந்தாலும் வராது.

ஏன் என்று கேளுங்கள். ஆற்றின் நடுவில் குடப்பாறை என்று ஒரு பெரிய பாறை. அதன் மேல் உலர்கண்ணன் என்று ஒரு மந்திரவாதி. முன்னூறு வருஷமாக அங்கேதான் இருக்கிறான், சாகவே மாட்டேன் என்கிறான். நாட்டில் எந்தப் பையனுக்கு ஏழு வயது முடிந்தாலும், பெற்றவர்கள் புதுத்துணி உடுத்தி அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டி வருவார்கள். உலர்கண்ணன் ஒரு சின்ன மண்குடத்தைப் பையனின் கன்னத்தோடு வைத்து மந்திரத்தை முணுமுணுப்பான். சொட்டு, சொட்டு, சொட்டு. மூன்று சொட்டுக் கண்ணீர் விழும். குடம் தானாக வாயை மூடிக்கொள்ளும். பையன் வலது கையில் ஓர் இரும்புக் காப்பு ஏறும். உடனே பறைக்காரன் முழக்குவான்:

"ஆம்பளைப் பிள்ளை அழலாமா? அழுதால் மானம் போகாதா?"

அவ்வளவுதான். எல்லோரும் பாயசம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உலர்கண்ணன் குடத்தைக் கொண்டுபோய்த் தன் குகையில் அடுக்குவான். தினமும் காலையில் ஒரு குடத்து ஓட்டில் கசியும் ஈரத்தை நக்குவான். அந்த ஈரத்தில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, ஆண்களுக்கு வருத்தமே வராதா? வரும். வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடமோ அக்காவிடமோ, "எனக்காகக் கொஞ்சம் அழேன்" என்பார்கள். அவள் அடுப்பில் உலையை வைத்துவிட்டு முந்தானையை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அவனுக்காக அழுவாள். முடித்துவிட்டு அரிசி களைவாள். இது அந்த நாட்டு வழக்கம்.

இன்னொரு கூத்தும் உண்டு. அழாத ஆண்களின் உடம்பில் அங்கங்கே கல் முளைக்கும். ஒருவனுக்கு முட்டியில் காசளவு, ஒருவனுக்குத் தோளில் உள்ளங்கையளவு. அவர்கள் அதற்கு வீரக்கல் என்று பெயர் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துக்கொள்வார்கள். ராஜாவுக்கு நெஞ்சு முழுக்கக் கல். தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கும். அதைக் கேட்கத் திருவிழாக் கூட்டம் கூடும்!

இந்த நாட்டில்தான் செங்கோடன் என்று ஒரு பரிசல்காரன் இருந்தான். அவன் பெண்டாட்டி பாவாயி. ஒரே மகன் மாரப்பன். மாரப்பனுக்கு ஒரு நாய், பெயர் கொழுக்கட்டை. தொந்தி சரிந்த நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பது? பையன் பரிசலில் ஏறினால் கொழுக்கட்டையும் ஏறும். பையன் சாப்பிட்டால்தான் அதுவும் சாப்பிடும்.

மாரப்பனுக்கு ஏழு முடிந்து, காப்பு ஏறி, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்தது. அன்றைக்கு அப்பனும் மகனும் நாயும் அக்கரைக்குப் போகையில் பரிசல் ஒரு பாறையில் மோதிச் சாய்ந்தது. கொழுக்கட்டை தண்ணீரில் விழுந்தது. அதன் கழுத்துக்கயிறு மாரப்பன் கையில். இழுத்தான், இழுத்தான், கயிறு வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

செங்கோடன் வீட்டுக்கு வந்து பாவாயியிடம், "கயிறு அறுந்துருச்சு புள்ள. நாய் போயிருச்சு" என்றான். பக்கத்தில் நின்ற மாரப்பன் அப்பனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

பாவாயி பையன் முகத்தைப் பிடித்து, "என்ன கண்ணு ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லைம்மா."

இந்த வார்த்தை இருக்கிறதே, இதுதான் அந்த நாட்டு ஆண்கள் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை. காய்ச்சல் வந்தாலும் ஒண்ணுமில்லை, கனவு கண்டு அலறினாலும் ஒண்ணுமில்லை. செங்கோடனும் மகன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "ஆம்பளைப் பிள்ளை, விட்டுத்தள்ளு" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி பக்கம் திரும்பி, "நீ அவனுக்காகக் கொஞ்சம் அழுதுரு" என்றான். பாவாயி அழுதாள். அழுதுவிட்டு அரிசி களைந்தாள்.

மறுநாள் காலை மாரப்பனின் வலது உள்ளங்கை கல்லாகியிருந்தது.

செங்கோடன் என்ன செய்தான் தெரியுமா? துள்ளிக் குதித்தான்! "ஏழு வயசிலேயே என் மகனுக்கு வீரக்கல்!" என்று தெருமுழுக்க வெல்லம் கொடுத்தான். மடையன். பையனோ வெல்லத்தை இடது கையில் வாங்கி, யாரும் பார்க்காதபோது கொழுக்கட்டையின் தட்டில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு நாளில் கல் மணிக்கட்டைத் தாண்டியது. பாவாயி பையனை இழுத்துப் புருஷன் முன்னால் நிறுத்தினாள். "ஏங்க, உங்களுக்கெல்லாம் காசளவுதானே வரும்? இது நடந்து வருதேங்க! இப்படியே கழுத்துக்கு ஏறினா என் பிள்ளை சிலையா நிப்பானே!" என்று கத்தினாள். அப்போதுதான் செங்கோடனுக்குப் பொட்டில் அடித்தது. மகன் கையைத் தொட்டுப் பார்த்தான். ஆற்றுக் கூழாங்கல் போலச் சில்லென்று இருந்தது.

"அவன் குடத்தைக் கொண்டுவந்து கண்ணீரைத் திருப்பிக் கொடுத்தா சரியாயிரும்" என்று சொல்லி, ஒரு சம்மட்டியை எடுத்துப் பரிசலில் போட்டுக்கொண்டு குடப்பாறைக்குக் கிளம்பினான்.

பாதி ஆற்றில் ஒரு நீர்நாய் தலையைத் தூக்கியது. "எங்கே போறே, பரிசல்காரா?"

நீர்நாய் பேசுமா என்று கேட்காதீர்கள். அந்த ஆற்றில் பேசும். கொஞ்சம் அதிகமாகவே பேசும்.

"குடப்பாறைக்கு" என்றான் செங்கோடன்.

"சுழலுக்கு இடப்பக்கமா வா, வழி காட்டறேன். உங்க கொழுக்கட்டை எனக்கும் சிநேகிதம்தான். அது தண்ணியில விழுந்த அன்னைக்கு நானும் பக்கத்திலதான் இருந்தேன். எல்லாத்தையும் பார்த்தேன்" என்றது நீர்நாய். 'எல்லாத்தையும்' என்று சொல்லும்போது அது அவனை ஒரு மாதிரி பார்த்தது. செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குகைக்குள் ஆயிரக்கணக்கில் குடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வாசலில் உலர்கண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முகம் இளந்தாரி முகம், கண் மட்டும் காய்ந்த கிணறு. செங்கோடன் மகனின் குடத்தைக் கேட்டான்.

"தாராளமாத் திற. திறந்தா எடுத்துக்கிட்டுப் போ. இதுவரைக்கும் ஒருத்தனும் திறந்ததில்லை. ஆனா ஒரு சட்டம், முதல்ல உன் குடம், அப்புறம்தான் மகன் குடம்" என்று கொட்டாவி விட்டான்.

செங்கோடன் தன் பெயர் போட்ட குடத்தைத் தேடிப் பிடித்துத் தொட்டான். குடம் மெல்லிய குரலில் கேட்டது:

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை, உன்னை உடைக்க வந்தேன்" என்று சொல்லி ஓங்கி ஒரு போடு போட்டான். சம்மட்டிக் காம்பு முறிந்ததுதான் மிச்சம். உலர்கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வீட்டுக்கு வந்தால் கல் முழங்கைக்கு ஏறியிருந்தது. "என்ன கண்ணு, வலிக்குதா?" என்று பாவாயி கேட்டாள். "ஒண்ணுமில்லைம்மா" என்றான் மாரப்பன்.

செங்கோடன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு பெண்டாட்டியிடம், "புள்ள, ஒரு சொம்பு நிறைய அழுது கொடு. அந்த மூணு சொட்டுக்குப் பதிலா ஒரு சொம்பே கொடுத்துட்டு வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

பாவாயி அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், "உங்களுக்கொரு அழுகை, அவனுக்கொரு அழுகை, உங்க அண்ணன் மாடு செத்ததுக்கொரு அழுகை. எனக்குன்னு அழ எனக்கு எப்போங்க நேரம்?" செங்கோடன் சொம்பை வாங்கிக்கொண்டு போனான்.

நீர்நாய் வழி காட்டியது. உலர்கண்ணன் கொட்டாவி விட்டான். குடத்தைத் தொட்டதும் அதே கேள்வி:

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை, கண்ணீர் கொண்டுவந்திருக்கேன்" என்று சொம்பைக் கவிழ்த்தான். குடம் தூ தூ என்று அத்தனையையும் அவன் முகத்திலேயே துப்பியது.

திரும்பும் வழியில் நீர்நாய் கேட்டது, "அந்தக் குடம் ஏதோ கேட்டுச்சே, நீ என்ன சொன்னே?"

"அது கிடக்கு. அவ்வளவு கண்ணீரையும் துப்பிருச்சு" என்றான் செங்கோடன்.

"நான் அதைக் கேட்கலை. நீ என்ன சொன்னேன்னு கேட்டேன்." செங்கோடன் துடுப்பை வேகமாக வலித்தான். "மண்டு" என்று சொல்லிவிட்டு நீர்நாய் தண்ணீருக்குள் போய்விட்டது.

வீட்டில் கல் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு விரலளவு கீழே வந்து நின்றிருந்தது. இனி விட்டுவிட்டுப் போக மனசில்லை. செங்கோடன் மகனைத் தூக்கிப் பரிசலில் தன் முன்னால் உட்கார வைத்தான். கல்லின் கனத்தில் பரிசல் ஒரு பக்கமாக அமிழ்ந்தது. கரையில் பாவாயி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாதி ஆற்றில் நீர்நாய் வந்தது. பையனைப் பார்த்ததும் அதன் வாய்த்துடுக்கெல்லாம் அடங்கிவிட்டது. "தம்பி, என்னப்பா செய்யுது?" என்று கேட்டது.

"ஒண்ணுமில்லை" என்றான் மாரப்பன்.

அந்த வார்த்தை அவன் வாயை விட்டு வந்ததோ இல்லையோ, கல் ஒரு நெல்லளவு மேலே ஏறியது. செங்கோடன் கண்ணாலேயே பார்த்தான்.

"ஐயோ சாமி!" என்று துடுப்பை நழுவவிட்டான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்தது. கை முழுக்க ஏறியிருந்தது கல் இல்லை. அத்தனையும் அந்த 'ஒண்ணுமில்லை'தான். இவன் யாரிடம் கற்றான்? பிறந்ததிலிருந்து ஒரு வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத்தானே கற்றான்? அது யார் வாய்?

நீர்நாய் துடுப்பைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. நல்லவேளை, இந்தத் தடவை மண்டு என்று திட்டவில்லை.

குகையில் செங்கோடன் மகனை இடுப்பில் தாங்கிக்கொண்டு தன் குடத்தைத் தொட்டான்.

"என்னப்பா ஆச்சு?"

'ஒண்ணு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், லேசில் போகுமா? பல்லைக் கடித்து விழுங்கினான். உலர்கண்ணன் முதல்முறையாகக் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு..." என்றான் செங்கோடன். "எனக்குத் தண்ணின்னா பயம்."

மாரப்பன் தலையைத் தூக்கி அப்பனைப் பார்த்தான்.

"எங்கப்பன் நீச்சல் பழக்கறேன்னு என்னைச் சுழல்ல தூக்கிப் போட்டாரு. ஏழு வயசு எனக்கு. செத்துட்டேன்னே நினைச்சேன். கரையேறி அழுகை வராம நடுங்கினேன், ஆம்பளைப் பிள்ளைன்னு எல்லாரும் தட்டிக் கொடுத்தாங்க. அன்னையிலிருந்து ஒவ்வொரு நாளும் பரிசல்ல கால் வைக்கும்போது எனக்கு வயித்தைப் பிசையுது. யார்கிட்டேயும் சொன்னதில்லை. பாவாயிகிட்டக்கூடச் சொன்னதில்லை."

குடத்தில் ஒரு கீறல் விழுந்தது. ஆனால் திறக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

செங்கோடன் குடத்தை விட்டுவிட்டு மகனை இறக்கி நிறுத்தி அவன் முன்னால் மண்டியிட்டான். "மாரா, அன்னைக்குக் கொழுக்கட்டை விழுந்தப்போ அது என் கைக்கெட்டும் தூரத்திலதான் கிடந்துச்சு. குனிஞ்சிருந்தா பிடிச்சிருப்பேன். தண்ணியைப் பார்த்ததும் கை வரலைடா. துடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். வீட்டுக்கு வந்து கயிறு அறுந்துருச்சுன்னு பொய் சொன்னேன். நான் பயந்தது தெரிஞ்சா கேவலம்னு சொன்னேன்டா."

பையன், "எனக்காகச் சொன்னீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

"என்னது?"

"கயிறு அறுந்து போகலையே. நான்தான் விட்டேன். உள்ளங்கை எரிஞ்சுதுப்பா, நான் விட்டுட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன். நான்தான் கொழுக்கட்டையைக் கொன்னுட்டேன்பா!"

ஏழு வயதுப் பிள்ளை, இத்தனை நாளும் இதைத்தான் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு திரிந்திருக்கிறான். செங்கோடனுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. "இல்லைடா, இல்லைடா என் ராசா, அந்த வெள்ளத்துக்கு உன் கை எம்மாத்திரம்" என்று அந்தக் கல் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

படார் என்று அப்பன் குடம் உடைந்தது. படார் என்று மகன் குடம் உடைந்தது. முப்பது வருஷத்துக்கப்புறம் செங்கோடன் கண்ணிலிருந்து கண்ணீர் வந்தது. அது பொலபொலவென்று கல் கையில் விழ விழ, தோள் இளகியது, முழங்கை மடங்கியது, விரல் அசைந்தது. காப்பு கழன்று விழுந்து உருண்டது. மாரப்பன் இரண்டு கையாலும் அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கொழுக்கட்டை வேணும்பா, எனக்குக் கொழுக்கட்டை வேணும்பா" என்று ஓவென்று அழுதான். "எனக்கும் வேணும்டா" என்று அப்பனும் அழுதான். யாரும் பறை அடிக்கவில்லை.

அந்தச் சத்தத்தில் பக்கத்துக் குடம் விரிந்தது, அதற்குப் பக்கத்துக் குடம் விரிந்தது, அத்தனை குடங்களும் மளமளவென்று விரிந்தன. ஊரில் அத்தனை ஆண்களும் ஏர் பிடித்த இடத்தில், தறி நெய்த இடத்தில், கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். ராஜா கொலுவில் உட்கார்ந்தபடியே கேவினார், மந்திரி தன் மேல்துண்டை அவரிடம் நீட்டிவிட்டு அதன் மறுமுனையில் தானும் மூக்கைச் சிந்தினார்!

உலர்கண்ணன் முகத்தில் முன்னூறு வருஷமும் ஒரேயடியாக வந்து உட்கார்ந்தது. கூன் விழுந்து, கை நடுங்கி, ஒரு மூலையில் ஒடுங்கினான். அவனைப் பார்க்கச் செங்கோடனுக்குப் பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய், "ஐயா, உமக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். நிஜமாகத்தான் கேட்டான்.

கிழவனின் வாய் கோணியது. எதையோ சொல்ல வந்தான். முன்னூறு வருஷத்தில் அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது, "ஒண்ணுமில்லை."

உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கல்லாகிவிட்டான். இன்றைக்கும் அந்தப் பாறையில் நிற்கிறான். நீர்க்காகங்கள் அவன் தலையில் உட்கார்ந்து சிறகு காயப்போடுகின்றன.

பரிசல் கரை சேர்ந்தபோது பாவாயி முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றாள். "சொல்லுங்க, யாருக்கு முதல்ல அழணும்?"

"யாருக்கும் வேண்டாம் புள்ள. நாங்களே அழுதுட்டு வந்துட்டோம்" என்றான் செங்கோடன். அறுந்ததாகச் சொன்ன கயிற்றின் கதையையும் தன் பயத்தின் கதையையும் அங்கேயே நின்று அவளிடம் சொல்லிவிட்டான்.

பாவாயி மகனின் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்து, "அந்தக் கொழுக்கட்டைக்கு நான் தினமும் ஒரு கவளம் எடுத்து வைப்பேனே" என்று தனக்காக அழுதாள். அப்பனும் மகனும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அரிசி களைந்தது செங்கோடன்.

ராஜா ஆள் அனுப்பினார். "என் நெஞ்சு லேசாகிவிட்டது. என்ன வேண்டுமோ கேள்" என்றார். செங்கோடன் தலையைச் சொறிந்தான். "மகாராஜா, இடுப்பளவு தண்ணியில நீச்சல் பழக ஒரு படித்துறை கட்டிக் கொடுங்க. பசங்களுக்கு மட்டுமில்லை, எனக்குந்தான்." படித்துறை ஒரே மாதத்தில் எழும்பியது. முதல் நாளே ராஜாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், அவருக்கும் நீச்சல் தெரியாதாம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லையாம்!

பறைக்காரனுக்கும் வேலை போகவில்லை. பாட்டு மட்டும் மாறியது. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா? அழட்டும், அழுதுட்டுச் சாப்பிடட்டும்!"

அடுத்த வருஷமும் ஆற்றில் புதுத்தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்தது. செங்கோடன் பரிசலைத் தள்ளினான். மாரப்பன் கரையில் நின்றான்.

"அப்பா, இன்னைக்குப் பயமா இருக்கா?"

"இருக்குடா. உனக்கு?"

"கொஞ்சம்."

"சரி, என் பக்கத்தில உட்காரு."

பையன் ஏறி உட்கார்ந்தான். அவர்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள், நானும் இக்கரையில் கதையை இறக்கிவைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த உங்களில் யாருக்காவது கண் கலங்கியிருந்தால், துடைக்க அவசரம் ஒன்றும் இல்லை.